தணலுக்கு ஒரு தகடு

கறியை அவசரப்பட்டு வேகவைக்கக் கூடாது. இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு பாடி கட்டுகிறவன். பழைய பீப்பாயை நீளவாக்கில் அறுத்து, மூடி பொருத்தி, சக்கரம் வைத்து ஒரு கரி அடுப்பு செய்தேன். கரி மொத்தமாகப் பற்றிக்கொண்டது. கறி வெளியே கருகி உள்ளே பச்சையாக நின்றது. அதற்குத்தான் ஒரு தகடு செய்தேன். அடுப்புக்குள் தடுப்புச் சுவர் மாதிரி நிற்கும். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் கறி, கறிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு. கரி ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பற்றி வரும். காலையில் வைத்தால் சாயங்காலம் எலும்பிலிருந்து கறி தானாகக் கழல வேண்டும்.

முதலில் செய்தது ஜி.ஐ. ஷீட்டில், சூடேறியதும் துத்தநாகப் பூச்சு கிளம்பி நாறியது. அடுத்தது மெல்லிசாகப் போய், அப்பளம் போலச் சுருண்டது. கடைசியில் ரிக் பாடிக்குப் போடும் கனத்த தகட்டையே வளைத்து வெல்டிங் வைத்தேன். அது நின்றது. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வேகும்வரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். என் மச்சான் அன்பழகனுக்கு ஆக்கவே பொறுக்காது. என் மனைவி தனப்பிரியாவின் அண்ணன். ஞாயிறு தவறாமல் வருவார். வந்ததும் மூடியைத் தூக்குவார். சூடு போய்விடும், சாம்பல் கறியில் படியும்.

"என்னுங்க மாப்ள, இன்னும் வேவுலீங்களா? குக்கர்ல நாலு விசில் வுட்டா தீந்துது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கிறீர்கள். பெண் கொடுத்த வீட்டு ஆளை எதிர்த்துப் பேசுவது எங்களுக்குள் வழக்கமில்லை. தனப்பிரியாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எங்கண்ணன் மூடியத் தொறந்தா ஊடா இடிஞ்சு போயிரும்? பேசாம இருங்க" என்றாள். பேசாமல்தான் இருந்தேன். எரிச்சலாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

போன ஞாயிறு மதியம் மழை வந்தது. அடுப்பை வீட்டை ஒட்டிய என் பட்டறையின் சாமான் அறைக்குள் தள்ளினேன். மச்சானும் பின்னாலேயே வந்து கட்டிலில் சாய்ந்தார். "வாசம் புடிச்சுக்கிட்டே ஒரு தூக்கம் போடறனுங்க மாப்ள" என்றார். சாரல் உள்ளே அடித்தது. சன்னலைச் சாத்தினேன். வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன். காற்றுக்கு அது மேலே எழும்பும், அதனால் பூட்டும் போட்டேன்.

மூடிய இடத்தில் கரி எரிந்தால் என்ன ஆகும் என்று என் ஆட்களுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்து ஷட்டரைத் தட்டும் சத்தம் வந்தது. "மாப்ள, கதவத் தொறங்க. தல சுத்துதுங்க."

"இன்னுங் கொஞ்ச நேரந்தானுங்க மச்சான். இப்பத் தொறந்தா சூடு போயிருமுங்க" என்றேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மனசுக்கு இதமாக இருந்தது. மறுபடி தட்டினார். பிறகு தட்டவில்லை. தகரக் கூரையில் மழை பலமாக இருந்ததால் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

கறி வேகும் நேரம் ஆன பிறகுதான் திறந்தேன். அவர் ஷட்டர் ஓரமாகச் சரிந்து கிடந்தார். அவரைத் தாண்டி அடுப்பிடம் போனேன். மூடி தரையில் கிடந்தது. தண்ணீர்த் தட்டை எடுத்துத் தணல்மேல் கவிழ்த்திருக்கிறார். காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? தகடு முறுக்கிக்கொண்டு, வெல்டிங் விட்டுப் பிளந்திருந்தது. கறி பாதிகூட வேகவில்லை.

பூட்டியது நான். தட்டியது கேட்டும் திறக்காமல் அவரைச் சாகவிட்டதும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டும், காட்டுங்கள். ஆனால் அந்தத் தகட்டைக் கெடுத்தது அவர். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.