மேற்கே போகாத ஐந்து வண்டிகள்

குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது போர்வை போர்த்தினால் மட்டும் போதாது. டாங்கியில் பெட்ரோலை விளிம்புவரை நிரப்ப வேண்டும், பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும், சைலன்சர் வாயில் இரும்பு நார் அடைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எலிக்காக. எங்கள் மிச்சிகன் வடக்கில் நவம்பரில் விழும் பனி ஏப்ரலில்தான் போகும். ஐந்து மாதம் சும்மா கிடக்கும் எஞ்சினைவிட எலிக்கு நல்ல வீடு கிடைக்காது.

இதெல்லாம் மோட்டார் சைக்கிள் சங்கத்து ஆட்களான உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பதினான்கு வண்டிகளும் குளிர்காலம் முழுக்க என் கொட்டகையில்தான் தூங்குகின்றன. ஹீட்டர் வைத்த கொட்டகை இந்த வட்டாரத்தில் என்னுடையது ஒன்றுதான். சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, "பாத்துக்கோ வெர்ன்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். நானும் பார்த்துக்கொண்டேன். நடந்ததை எழுதித் தரும்படி ரோலண்ட் நீமியின் மனைவி ஆர்டிஸ் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது உங்கள் முன்னால் படிக்கப் போகிறாளாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் படித்தால் நன்றாக இருக்கும், பள்ளிக்கூட நூலகத்தில் முப்பது வருடம் இருந்தவள்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதிலிருந்து இதுவரை ஒன்பது வண்டி வைத்திருக்கிறேன். என் அபிப்பிராயங்கள் நீங்கள் கேட்டவைதான். நம் அமெரிக்கத் தயாரிப்பான மில்வாக்கி வண்டியை வாங்குகிறவன் வண்டியோடு ஒரு குடும்பத்தையும் வாங்குகிறான், அத்தனை மாமன் மச்சானும் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார்கள். ஜெர்மன் வண்டியில் உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிரும். இங்கிலாந்து வண்டி கையில் ஸ்பானரைக் கொடுத்து நம்மை மனிதனாக்கும். இத்தாலி வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்திவைத்துப் பார்ப்பது சுகம். ஜப்பான் வண்டி காலையில் ஒரே அழுத்தில் கிளம்பும். அதுதான் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் ஊரில் பரவியிருக்கும் அபிப்பிராயங்கள் வேறு. இத்தாலிக்காரனுக்கு ஒயரிங் வராது என்பீர்கள். ஜெர்மன்காரன் பியூஸ் மழைக்குத் தாங்காது என்பீர்கள். இவையெல்லாம் நீங்கள் ரோலண்ட் வாயால் கேட்டவை. ரோலண்ட் தன் அனுபவத்தில் கற்றான். அந்த அனுபவத்தைத் தயாரித்தவன் நான். ஒரு கம்பெனிமீதும் குற்றமில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நானும் ரோலண்டும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஊர் முனையில் போகும் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் திரும்பாமல் மேற்கே போனால் அது கடலில் கொண்டுபோய் விடும். அந்தச் சாலையில் பசிபிக் வரை போய், முன்சக்கரத்தைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ஜாம் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வர வேண்டும் என்பது அவன் ஆசை. பாட்டிலைக்கூடக் கழுவி வைத்திருந்தான். என்னையும் கூப்பிட்டான். எனக்கு எப்போதும் ஏதாவது வேலை இருந்தது.

எழுபத்தொன்பதில் முதல் முயற்சி, இங்கிலாந்து வண்டியில். அதில் பெட்ரோல் முள் கிடையாது. பெட்ரோல் குறைந்து வண்டி இருமினால், டாங்கித் திருகை ரிசர்வுக்கு மாற்றிக்கொண்டு, அடியில் மிஞ்சியதை வைத்து அடுத்த பெட்ரோல் பங்க்குக்குப் போய்விடலாம். கிளம்பும் முன்பே அந்தத் திருகை நான் ரிசர்வில் வைத்துவிட்டேன். நிஜமாகவே அது ஒரு விளையாட்டுதான். சுப்பீரியர் ஊருக்குப் பத்து மைல் முன்னால் சொட்டில்லாமல் நின்றது. கொட்டும் மழை. பெட்டிக் கடையிலிருந்து போன் செய்தான். லாரியோடு போனேன். டாங்கியின் அடியிலிருந்த துருவையெல்லாம் கார்புரேட்டர் உறிஞ்சிவிட்டது, வீட்டுக்குப் போய்த்தான் கழற்ற வேண்டும் என்றேன். உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் ஆஷ்லண்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த சூடான பேஸ்டி வாங்கிச் சாப்பிட்டோம். கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்த வண்டியைச் செய்தவனின் பரம்பரையையே திட்டிச் சிரித்துக்கொண்டு வந்தோம். நூறு மைல். அதற்கு முன் அவன் என்னிடம் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. எனக்கு அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மறு வருடம் அவன் இத்தாலி வண்டி வாங்கினான். பேட்டரியின் எர்த் ஒயரை அரைச் சுற்று தளர்த்தினேன். அதற்குப் பிறகு மில்வாக்கி வண்டி, பெட்ரோலில் ஒரு தேக்கரண்டி தண்ணீர். ஜெர்மன் வண்டிக்குப் பெரிய பியூஸை எடுத்துவிட்டுச் சின்னதைப் போட்டேன். கைப்பிடியைச் சூடாக்கும் சுவிட்சைப் போடும்வரை அதற்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறையும் போன் வரும், நான் போவேன், பேஸ்டி சாப்பிடுவோம். ஒவ்வொரு முறையும் நாட்டையே மாற்றுவான். இப்படி, பின்னால் வந்த ஜப்பானையும் சேர்த்து, ஐந்து நாட்டு வண்டி ஓட்டியவன் பக்கத்து மாநிலத்தைத் தாண்டியதே இல்லை.

பிரேக்கையும் டயரையும் நான் தொட்டதே கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன்மேல் ஒரு கீறல் விழவும் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

ஏன் என்று கேட்கிறாள் ஆர்டிஸ். என் அண்ணன் எர்வின் எழுபத்தேழில் இரண்டு வார லீவில் அதே சாலையில் மேற்கே போனான். ஓரிகனில் ஒரு பேரிக்காய்த் தோட்டக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வருகிறது. நல்ல அட்டைதான். அந்தச் சாலையில் ஏதோ இருக்கிறது, போனவர்களை அது திருப்பி அனுப்புவதில்லை. ரோலண்டுக்கு இங்கே மனைவி இருக்கிறாள், மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒருவன் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

இந்த வருடம் விஷயம் கொஞ்சம் அவசரமானது. ரோலண்டின் கண்ணில் நடுப்பார்வை மங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த வசந்தத்துக்குள் போய்விடும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓட்ட இந்த ஜூன் ஒன்றுதான் பாக்கி. புது ஜப்பான் வண்டி. ஒயரைத் தொட்டால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும், பியூஸை மாற்றினால் விளக்கு எரியும். நல்ல தயாரிப்பு நாணயமில்லாதவனை எவ்வளவு சிரமப்படுத்துகிறது என்பதை அப்போது உணர்ந்தேன். மூன்று நாள் யோசித்தேன். பழைய காகிதத்தைக் கிழித்து, பஞ்சு கலந்து, ஓர் எலிக்கூடு கட்டி, எஞ்சின் மூச்சு இழுக்கும் காற்றுப் பெட்டிக்குள் தளர்வாக வைத்தேன். வேகம் பிடிக்கப் பிடிக்க அது மெல்ல நகர்ந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும்.

ப்ரூல் ஆற்றுப் பாலத்தருகே மூச்சு முட்டி நின்றதாம். போனேன். இந்த முறை அவன் கம்பெனிக்காரனைத் திட்டவில்லை. ஆஷ்லண்டில் பேஸ்டியைப் பிரிக்கக்கூட இல்லை. மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு அழுதான்.

"கடல் என் தலையில எழுதலடா வெர்ன்," என்றான். "விடு. நீ இருக்கியே, அது போதும்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அழுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கடைசி வாக்கியம் இனித்தது.

பிடிபட்டது ஆர்டிஸால். குளிர்காலம் பூராவும் ஆயிரம் துண்டுப் படப்புதிர்களைச் சேர்த்துக்கொண்டு உட்காருகிறவள் அவள். வண்டியில் கிடைத்த கூட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துவைத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, நான்கு நாள் காகிதத் துண்டுகளை ஓர் அட்டையில் ஒட்டியிருக்கிறாள். பிறகு என் கொட்டகைக்கு வந்து அட்டையை என் முன்னால் வைத்தாள். பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிர், பாதி நிரப்பியது, பச்சை மையில். இந்த ஊரில் பச்சைப் பேனா என்னிடம்தான் இருக்கிறது.

"எலி புதிர் போடுமா வெர்ன்?" என்றாள்.

"காகிதத்தை எங்கிருந்தாவது இழுத்துட்டு வந்திருக்கும்."

"சரி, இழுத்துட்டு வந்துச்சு. கூடு கட்டுச்சு. ஒரு புழுக்கை கூடவா போடல? அவ்வளவு சுத்தமான எலிய நான் பாத்ததே இல்ல."

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நாற்பத்தைந்து வருட அனுபவத்தில் அது ஒரு குறை என்று ஒப்புக்கொள்கிறேன்.

"சாவிய எல்லாம் உன்கிட்ட குடுத்தோமே," என்றாள். "வேலியே பயிர மேஞ்சிருக்கு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ரோலண்டிடமும் அவளே சொன்னாள். நான் வாசலில் நின்றேன். அவன் என் பக்கம் திரும்பி, "டேய், நாப்பது வருஷமா அந்த இத்தாலி வண்டிய வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்டா. அதுகிட்ட யார்டா மன்னிப்பு கேக்கறது?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

தண்டனையையும் அவனே சொன்னான். என் ஜெர்மன் வண்டிக்குப் பக்கப்பெட்டி மாட்ட வேண்டும். அவனை அதில் உட்காரவைத்து, கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே கடல்வரை நான் ஓட்ட வேண்டும். மலைப்பாதையில் பனி விழும் முன், வருகிற திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். "இந்தத் தடவ நின்னுச்சுன்னா நீயும் என்கூட ரோட்டுல நிக்கணும், லாரி எடுத்துட்டு வர ஆளில்ல," என்றான்.

நான் முழு மனதோடு ஒப்புக்கொண்டேன். பக்கப்பெட்டியை நானே மாட்டினேன், புது டயர் போட்டேன், அவன் ஜாம் பாட்டிலுக்கு ஒரு தோல் உறையும் தைத்திருக்கிறேன். நாற்பத்தைந்து வருடப் பாரத்தை இதோ எழுதி இறக்கிவைத்துவிட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று உங்கள் எல்லோருக்கும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒரே ஒரு விஷயம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்று மத்தியானம் என் வண்டியின் காற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், பார்த்தது நல்லதாயிற்று. உள்ளே பெரிய எலிக்கூடு, ஒயரெல்லாம் கடிபட்டிருக்கிறது. சாமான் வர மூன்று வாரமாவது ஆகும், அதற்குள் மலையில் பனி விழுந்துவிடும். இது நிஜமான எலிதான், ஆர்டிஸ் வந்து பார்க்கலாம், இந்த முறை புழுக்கைகூட இருக்கிறது.