ரோபோ வைத்த மூட்டு

ரைஹான்: உங்க கைத்தடி எங்கே சம்பந்தி?

பிகேன்: பெஞ்சுக்கு அடியில சம்பந்தியம்மா. உங்களுது?

ரைஹான்: அதுக்குப் பக்கத்துலதான்... டாக்டர் என்ன சொன்னார்?

பிகேன்: இடுப்பு மூட்டு மாத்தி ஆறு வாரத்துக்கு நல்லாவே இருக்காம். ரெண்டு காலும் ஒரே நீளம்.

ரைஹான்: எனக்கும் அதேதான்.

பிகேன்: ரோபோ வச்சுப் பண்ணின உங்களுக்கும், கையால பண்ணின எனக்கும் ஒரே பதிலா?

ரைஹான்: ம்... சாக்ஸ் போட முடியுதா?

பிகேன்: வலது காலுக்கு எங்க வீட்டுக்காரர் போட்டு விடறார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் என் காலைத் தொடறார்!

ரைஹான்: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க... இடுப்பு இழுக்குது.

பிகேன்: ஞாயித்துக்கிழமை கத்திரிக்கோலை நீங்களே பிடிங்க.

ரைஹான்: பேரன் முதல் அடி வைக்கிற சடங்குல, அவன் கால்ல கட்டுற கயித்தை வெட்டவா? நானா? போன மாசம் 'என் பொண்ணு பெத்த பிள்ளை, நான்தான் வெட்டுவேன்'னு அந்தக் குதி குதிச்சீங்களே!

பிகேன்: வெட்டுறவங்க மாதிரிதானே பிள்ளை நடக்கும்? உங்களுது ரோபோ அளந்து வச்ச மூட்டு. என்னுது சும்மா சுத்தியலால தட்டி...

ரைஹான்: அப்படிச் சொல்லாதீங்க.

பிகேன்: நீங்கதானே சொன்னீங்க? ஷிம்கெந்த் சந்தையில ரொட்டிக்காரிகிட்டகூட, இம்மி பிசகலைன்னு...

ரைஹான்: சொன்னேன்... பிகேன்...

பிகேன்: என்ன, பேரைச் சொல்லிக் கூப்பிடறீங்க?

ரைஹான்: அந்த ரோபோ பாதியிலேயே நின்னு போச்சாம். மீதியை டாக்டர் கையாலதான் முடிச்சாராம். வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் மகன் சொன்னான். அதுக்கப்புறமும் நான்... பெருமையடிக்கிறதை விடல.

பிகேன்: தெரியும்.

ரைஹான்: என்னது?

பிகேன்: டாக்டர் அதை உங்க மகன்கிட்ட சொன்னப்போ நீங்க மயக்கத்துல இருந்தீங்க. அடுத்த கட்டில்ல நான் கண்ணை மூடிட்டு முழிச்சிருந்தேன்.

ரைஹான்: அப்ப இத்தனை நாளா... ஊரெல்லாம் நான் பீத்திக்கிட்டப்போ ஒரு வார்த்தை...

பிகேன்: எப்படிச் சொல்றது? மறுநாள் காலையில 'எனக்கென்ன, ரோபோ வச்ச காலு'ன்னு நீங்க எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தீங்க. நான் பயத்துல போர்வையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். உங்களைப் பாத்துத்தான் காலைத் தரையில வச்சேன். அதான் சொல்றேன்... கயித்தை நீங்களே வெட்டுங்க.