விலகி நின்ற புள்ளி

என் மைத்துனனைப் பிடிக்காதவர்களே கிடையாது, ஐயா. எனக்கும் பிடிக்கும். மனைவியின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தவன், வாய் ஓயாது.

ஆய்வகத்தில் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மாத்திரையின் அளவு கூடக்கூட அழுத்தத்தின் இறக்கமும் கூடுகிறதா, இரண்டும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் ஒட்டுறவுக் கெழு. ஒன்றை நெருங்கினால் மருந்து தேறும். பூச்சியத்தை நெருங்கினால் என் இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குப் போகும்.

இடைக்காலக் கணக்கைப் போட்டேன். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டையொட்டி ஒழுங்காக நின்றன, ஒன்றைத் தவிர. ஆள் பற்றாக்குறைக்கு நானே சேர்த்துவிட்ட மைத்துனன்தான் அது. பெரிய மாத்திரை தின்றும் அவனுக்கு மட்டும் அழுத்தம் ஏறியிருந்தது. அவன் ஒருவனால் கெழு பாதியாகச் சரிந்தது.

“என்னத்தான், மூஞ்சி தொங்குது? எனக்கு பிரஷர் ஏறினா உங்களுக்கு ஏன் ஏறுது?” என்று சிரித்தான். மனைவியும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒட்டாத புள்ளியை இஷ்டத்துக்கு நீக்க எங்கள் விதியில் இடமில்லை. கடைசி அளவீடு இல்லாதவர்களை மட்டும் விட்டுவிடலாம். ‘வராதே என்று அவனிடமே சொல்லியிருக்கலாமே’ என்கிறீர்கள். அது மோசடி இல்லையா, ஐயா? அந்தப் புத்தி எனக்குக் கிடையாது.

மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, பார் என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்.

“கெட்டியாப் பிடிங்கத்தான், உங்கள நம்பித்தான் ஏறுறேன்.”

உச்சிப் படிவரை கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். பிறகு ஏணியைப் பக்கவாட்டில் தள்ளினேன். கீழே சிமெண்டுத் தரை.

கெழு நிமிர்ந்தது. மேலதிகாரி கைகுலுக்கினார். அறிக்கை எழுதும்முன் மூலத்தாள்களோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன், அது என் வழக்கம். மைத்துனனின் முதல் அழுத்த அளவீட்டையும் அடுத்த அளவீட்டையும் கணினியில் இடம் மாற்றித் தட்டியிருந்தேன். தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கதையடித்துக்கொண்டிருந்தான், கவனம் சிதறிவிட்டது. அவனுக்கு அழுத்தம் ஏறவேயில்லை. எல்லோரையும்விட நன்றாக இறங்கியிருந்தது. கச்சிதமாகக் கோட்டின்மேல் நின்றிருக்கிறான்.

அன்றுதான் உடைந்து அழுதேன். தம்பியை நினைத்து அழுகிறேன் என்று மனைவி என் தலையை மடியில் சாய்த்துத் தடவிக்கொடுத்தாள்.

அவன் இருந்திருந்தால் கெழு இன்னும் உயர்ந்திருக்கும், ஐயா.