கிராம சபையில் முதல் கையெழுத்து

திங்கட்கிழமைக் காலை, சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்து. புதுச்சத்திரத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவளின் மடியில் கலெக்டருக்கு எழுதிய மனு. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அத்தனை இரைச்சலிலும் என் காதில் விழுந்தது.

“அண்ணி, போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க முடியுமா?”

“எதுலடி போட்ட?”

“காந்தி ஜெயந்தி அன்னிக்கு, கிராம சபை நோட்டுல. வந்தவங்க கணக்குக்குன்னாங்க. மேல வெறும் தாளாத்தான் இருந்துச்சு.”

“இப்ப என்னா எழுதியிருக்குது?”

“அலையைத் தடுக்கற கருங்கல் சுவரு வேணாம், அந்தப் பணத்துல சமுதாயக் கூடம் கட்டுங்கன்னு நாங்களே கேட்டோமாம். ஏகமனதாவாம்.”

“ஐப்பசி பொறந்துடுச்சு. கடல் எதுவரைக்கும் வந்திருக்குது?”

“போன வருஷம் படகு ஏத்துன எடம் இப்ப தண்ணியில. அடுத்தது எங்க வூடுதான்.”

“தெரியாம வச்சோம்னு எல்லாருமா சேந்து சொன்னா கலெக்டரு கேக்க மாட்டாரா?”

இளையவள் மனுவைப் பிரித்துக் காட்டினாள்.

“அன்னிக்கு மொதல்ல நான் போட்டேன். படிச்சவளே போடறான்னு, என்னைப் பாத்துதான் ஊரே கைநாட்டு வச்சுது. இதுல போட்டிருக்கறது நான் ஒருத்திதான் அண்ணி. இனிமே எந்தத் தாளையும் தொட மாட்டோம்னுட்டாங்க.”