ஒன்பதாவது நகர்த்தல்

டீ நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பிஸ்கட் வேண்டாம், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

இறந்தவர் என் தங்கை புருஷன். தங்கமான மனுஷர். சதுரங்க மன்றத்தில் வருஷா வருஷம் இறுதி ஆட்டத்தில் என்னைத் தோற்கடிப்பார், அவ்வளவுதான். பிறகு சாப்பாட்டு மேஜையில், என் பிள்ளைகள் முன்னால், "மச்சான், அடுத்த வருஷமாவது கொஞ்சம் படிச்சுட்டு வாங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சரி, படித்தேன். அவர் ஆட்டங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். காய்களைவிட மனிதர் சுவாரஸ்யமாக இருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். இறுதி ஆட்டம் எப்போதும் மதியத்தில்தான். சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு பலகை முன் உட்காருவார். ஓப்பனிங், அதாவது ஆரம்ப நகர்த்தல்கள், மனப்பாடம் என்பதால் மளமளவென்று ஆடிவிட்டு எழுந்து போய்ச் சாப்பிடுவார். ஆனால் தெரியாத நகர்த்தல் ஒன்று வந்துவிட்டால் போச்சு, பசி, தாகம் எதுவும் தெரியாது, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து என்பதும் மறந்துவிடும்.

தங்கைக்கும் இது தெரியும். அன்று என் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தாள். "அண்ணா, அவரு சாப்பிட மறந்துட்டா நீ கொஞ்சம் ஞாபகப்படுத்து." சரிம்மா என்றேன்.

ஒன்பதாவது நகர்த்தலில் மந்திரியைக் காவு கொடுத்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, என் சொந்தச் சரக்கு. அவர் தலையைக் கையில் தாங்கி யோசிக்க ஆரம்பித்தார். போகப் போக வேர்த்தது, விரல் நடுங்கியது. என் நகர்த்தலைக் கண்டு மனுஷர் ஆடிப்போய்விட்டார் என்று சுற்றி நின்றவர்கள் கிசுகிசுத்தார்கள். சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது.

பிஸ்கட் பையில்தான் இருந்தது. ஆனால் எதிராளி யோசிக்கும்போது பேசக் கூடாது என்பது விதி. விதியை நான் மீறுவதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுப் பலகை மேலேயே சாய்ந்தார். "நீயாவது பக்கத்துல இருந்தியே" என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம்.

கோப்பையை எனக்குத்தான் கொடுத்தார்கள். டாக்டரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். அவருக்கு உடம்பு முடியாமல் போனதால்தான் நான் ஜெயித்தேனாம், மன்றத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கொன்றது நான், என் மந்திரி. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் காய்களை அதே நிலையில் வைத்திருக்கிறேன், கலைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சிப்பாய்க்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கிடைத்துவிடும். நான் அவரை நேர்மையாகத்தான் ஜெயித்தேன்.