அப்பாவின் ரத்தக்கட்டி

— வேணாம்க்கா, சொன்னாக் கேளுங்க. வேற யாரோட கட்டியாவது வரட்டும், அதுல சோதிச்சுக்கலாம்.

— டப்பாவைத் திற, தம்பி.

— உங்க அப்பா போய் ஒரு வாரம்கூட ஆகல. அவர் நெஞ்சுல இருந்து எடுத்ததைக் கண்ணாடிக் குழாய்ல விட்டு, கம்பி வலையைப் போட்டு இழுக்கச் சொல்றீங்க. எனக்குக் கை வரல.

— நீ இழுக்கலன்னா நான் இழுக்கறேன். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு டாக்டர் கேட்டப்ப தலையாட்டினதே நான்தான். காபி வேணுமான்னு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.

— அம்மா எப்படி இருக்காங்க?

— அழறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் வரல, மரத்துப் போச்சு. அதை விடு, தண்ணி சூடாச்சா?

— உடம்புச் சூட்டுக்கு வந்துடுச்சு. பாருங்கக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல.

— நெஞ்சைத் திறக்காமலே கட்டியை இழுத்து எடுக்கற நம்ம வலையை ஆஸ்பத்திரில கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு. குடுத்துடலாம்னு நீ சொன்ன. நிறுத்தி வெச்சது யாரு?

— நீங்கதான். பன்னி ரத்தத்துல நாம உறைய வெச்ச கட்டியெல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கு, மனுஷனுக்குள்ள இறுகிப்போன கட்டில பாக்காம குடுக்கக் கூடாதுன்னீங்க. பாருங்க, அது நியாயம்தானே.

— நியாயம்தான். அதனால அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்தாங்க. கட்டியை எடுத்தாங்க, ஆனா அவர் எழுந்திரிக்கல. இப்ப இது வலைல முழுசா வந்துச்சுன்னா, நான் குடுத்திருந்தா அவர் இந்நேரம் பேப்பர் படிச்சுட்டு என்னைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பார். உடைஞ்சுதுன்னா நான் பொழைச்சேன். எதுன்னு தெரிஞ்சாகணும்.

— சரி, நானே இழுக்கறேன். நீங்க பாக்க வேணாம், அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க.

— ம்.

— கட்டி உள்ள போயிடுச்சு. வலை அதைத் தாண்டுது. விரிக்கறேன்.

— மெதுவா இழு.

— மெதுவாத்தான் இழுக்கறேன்.

— தம்பி, என்னாச்சு? வந்துச்சா இல்லையா?

— உடைஞ்சிடுச்சுக்கா. தூள்தூளாப் போச்சு. இந்த வலை அவரைக் காப்பாத்தியிருக்காது.

— நெஜமாவா?

— நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? கிளம்புங்க, எல்லாத்தையும் நான் கழுவி வெக்கறேன்.

— இரு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன். அவர் போனதுல இருந்து இப்பதான் அழுகை வருது.

— அழுங்கக்கா. நல்லா அழுங்க.

— போதும். கம்ப்யூட்டர்ல தோல்வின்னு பதிஞ்சுடு. நாளைக்கே மேல சொல்லி இந்த வலை ஆராய்ச்சியை மூடிடலாம்.

— மொத்தமாவா?

— இதுவும் சரிவரலன்னா மூடறதுன்னு முன்னாடியே பேசினதுதானே. பதி. ஏன் சும்மா நிக்கற?

— நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு வேற யாரோட அப்பாவாவது வருவார்க்கா.

— வரட்டும். அதுக்கென்ன?

— திரும்பிப் பாருங்க. முழுசா வந்திருக்கு.