பங்குக் கிணற்று மோட்டர்

– நிவேதனா மிஸ், நீங்களே உவரிட்டைக் கேளுங்கோ. செவ்வாயும் வியாழனும் எங்கடை இறைப்பு முறை. ரெண்டு நாளும் போனிலை எடுத்தனான், மோட்டர் ஓடேல்லை. வெங்காயம் வாடிப்போய்க் கிடக்குது.

– ஏன் ஆரபி, பிரவீணன் உங்களுக்குப் பக்கத்திலைதானே நிக்கிறார். நீங்களே கேக்கலாமே?

– நாங்கள் கதைக்கிறேல்லை மிஸ்.

– ஓம் மிஸ், கதைக்கிறேல்லை. ஆனால் நான் ஒண்டையும் மறிக்கேல்லை எண்டு அவாட்டைச் சொல்லுங்கோ.

– நல்ல சனம்! ஒரு கிணறு, ஒரு மோட்டர், ரெண்டு தோட்டம். போனாலை தண்ணி விடப் படிப்பிக்கத்தான் விவசாயக் கந்தோரிலை இருந்து என்னை அனுப்பினவை. இப்ப உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை தபால்காரி. போனைத் தாங்கோ பிரவீணன்.

– கரண்ட் மீற்றர் அவையின்ரை பேரிலை எண்டு, மோட்டருக்குப் புதுசாய்ப் பூட்டின போன் பெட்டியின்ரை பொறுப்பையும் உவரிட்டைக் குடுத்தது பிழை மிஸ். என்ரை நம்பரை வெட்டிப்போட்டு நிக்கிறார். இண்டைக்குத் தண்ணி வராட்டில், கமக்காரர் சங்கத்திலை சொல்லிப் பங்கைப் பிரிப்பிச்சுப் போடுவன்.

– பொறுங்கோ பிள்ளை. பெட்டியிலை பதிஞ்ச நம்பரிலை இருந்து எடுத்தால்தான் மோட்டர் ஓடும். இஞ்சை ரெண்டு நம்பர் கிடக்கு. ஒண்டு பிரவீணன். மற்றது ஆரபி. வெட்டேல்லையே!

– அதைத்தானே மிஸ் நானும் சொல்லுறன்.

– கடைசி நாப்பத்தேழு. சரிதானே ஆரபி?

– அது என்ரை பழைய நம்பர். மாத்தி ஒண்டரை வருசம்.

– பழசோ! பதிஞ்ச கையோடை ரெண்டு பேரும் நிண்டு சரி பாருங்கோ எண்டு வாசிகசாலை வகுப்பிலை எத்தினை தரம் சொன்னனான்?

– கதைக்காமல் எப்பிடி மிஸ் சரி பாக்கிறது?

– அப்ப இந்த நம்பர் உங்களிட்டை எப்பிடி வந்தது பிரவீணன்?

– மனசிலை பாடம் மிஸ்.

– பாடமோ?

– எங்களுக்குக் கலியாணம் பேசினது.

– பேசினதுதான். சாதகக் குறிப்புப் பொருந்தேல்லை எண்டு அவரின்ரை அம்மா சொல்ல, உவர் வாய் திறக்காமல் நிண்டவர். அதுக்குப் பிறகுதான் நம்பரை மாத்தினனான் மிஸ்.

– மாத்தினது எனக்குத் தெரியாது.

– எப்பிடித் தெரியும்? பாடமாக்கி வச்சிருந்து என்ன, ஒருக்காவது எடுத்திருந்தால் தெரிஞ்சிருக்குமே!

– என்ன முகத்தோடை எடுக்கிறது மிஸ்? நான் எண்டு தெரிஞ்ச உடனை போனை வச்சுப்போடுவா எண்டு பயம். அம்மாட்டை இப்ப சொல்லிப்போட்டன், இனி வேறை ஆரின்ரை குறிப்பும் எங்கடை வீட்டுப் படி ஏறப்படாது எண்டு. சொல்ல வேண்டிய நேரம் சொல்லேல்லை. அது என்ரை பிழைதான்.

– எப்ப சொன்னவராம்?

– தைப் பொங்கலுக்கு முதல். அண்டையிலை இருந்து அம்மா என்னோடை கதைக்கிறேல்லை.

– அட கடவுளே, அந்த வீட்டிலையும் கதை இல்லையோ! சரி, எனக்கு இன்னும் நாலு தோட்டம் பாக்கக் கிடக்கு. ஆரபி, புது நம்பரைச் சொல்லுங்கோ. இப்பவே பெட்டியிலை போட்டுவிடுறன், தண்ணி ஓடும்.

– கொஞ்சம் பொறுங்கோ மிஸ், வெங்காயம் இன்னும் அரை மணித்தியாலம் தாங்கும். பிரவீணன், நம்பரைச் சொல்லுறன். பெட்டியிலை பிறகு போடலாம். முதல் உங்கடை போனிலை இருந்து எனக்கு எடுங்கோ.